சைக்கிள்காரர்களுக்கு வீட்டு எனர்ஜி டிரிங்க்: பத்து ரூபாய்க்குள் ஒரு பாட்டில்

கடையில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் என்று விற்கும் எந்த பாட்டிலையும் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். தண்ணீர், சர்க்கரை, உப்பு, புளிப்புக்கு ஏதோ ஒரு ஆசிட், அப்புறம் கலரும் வாசனையும், அவ்வளவுதான். 1965-ல் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற டாக்டரும் அவருடைய ஆட்களும் அந்த ஊர் கால்பந்து வீரர்களுக்காகக் கேட்டரேட் என்ற ஸ்போர்ட்ஸ் டிரிங்கைக் கலக்கினபோதும் இதுதான் கதை. முதலில் கலக்கியது வாயில் வைக்க விளங்கவில்லை, எலுமிச்சைச் சாறு விட்ட பிறகுதான் குடிக்கிற மாதிரி ஆனது. நம்ம ஊரில் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் சர்க்கரையும் போடுவதற்கு யாரும் பல்கலைக்கழகம் போகவில்லை. ஆனால் அளவு என்ற ஒன்றை நாம் யாரும் பார்ப்பதில்லை. கண் அளவில் சர்க்கரை, சிட்டிகையில் உப்பு என்று போட்டுவிட்டு, இருபது கிலோமீட்டர் தாண்டியதும் வயிறு பொருமுகிறது, தலை கிறுகிறுக்கிறது என்று சைக்கிளை ஓரம் கட்டுகிறோம். பொருள் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது, அளந்து போடத்தான் பழக வேண்டும்.

யாருக்கு இது தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து பாரிஸ் கார்னர் வரை வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறீர்கள் என்றால் வெறும் தண்ணீர் போதும். ஒரு மணி நேரத்துக்குக் கீழே ஓட்டுகிற யாருக்கும் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், உடம்புக்குள் ஏற்கெனவே சேர்த்து வைத்த சர்க்கரை அதற்குத் தாராளமாகப் போதும். ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மூச்சு வாங்க ஓட்டினால்தான் அந்தச் சேமிப்பு தீர ஆரம்பிக்கும். காசிமேட்டைத் தாண்டி, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போய்த் திரும்புகிறவர்கள், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு என்று நீட்டிக்கொண்டே போகிறவர்கள், இவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. மீன்பாடி வண்டி மிதிக்கிறவர்களும், தண்ணீர் கேன் போடுகிறவர்களும் நாள் பூராவும் இதைவிடக் கடுமையாக மிதிக்கிறார்கள், அவர்களுக்கு இதே பாட்டில் இன்னும் நன்றாகவே உதவும். ஜெர்சி போட்டால்தான் சைக்கிள்காரரா என்ன?

இன்னொன்று, நம்ம பக்கத்து வெயில். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் அப்படியே வழிகிறது, உடம்பும் விடாமல் இன்னும் இன்னும் சுரக்கிறது. அதிகாலை ஐந்தரை மணிக்கு ராயபுரத்தில் கிளம்பினால்கூட டோல்கேட் வருவதற்குள் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வியர்ப்பது சாதாரணம், சிலருக்கு இரண்டு லிட்டர்கூடப் போகும். கூடவே உப்பும் போகிறது. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் பெரிய அளவில் மாறும். காய்ந்த பிறகு கறுப்பு டிராயரிலும் ஹெல்மெட் வாரிலும் வெள்ளைக் கோடு படிகிறதா? அப்படியானால் நீங்கள் உப்பு அதிகம் போகிற ஆள், கீழே சொல்லும் அளவில் மேல்வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் சாமான்

வீட்டு ஸ்பூன் எதையும் நம்பாதீர்கள். ஒரு வீட்டு டீஸ்பூன் இன்னொரு வீட்டில் பாதி அளவுதான் இருக்கும், குவித்து எடுக்கிறோமா தட்டி எடுக்கிறோமா என்பதில் இன்னொரு இரட்டிப்பு வித்தியாசம். சமையலறைத் தராசு இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லையென்றால் இருமல் மருந்து பாட்டிலின் மேல் கவிழ்த்து வரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கிறதே, 5, 10 என்று கோடு போட்டது, அதைச் சுடுதண்ணீரில் நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் அளவுக் கருவி அது. 10 கோடு வரை சர்க்கரை போட்டு லேசாகத் தட்டிச் சமப்படுத்தினால் எட்டரை கிராம் பக்கம் வரும். தூள் உப்பு 5 கோடு வரை என்றால் 6 கிராம்.

இங்கேதான் உப்புக்கு ஒரு சிக்கல். ஒரு பாட்டிலுக்கு வேண்டியது 1 கிராம், ஒன்றரை கிராம். அதை எந்த மூடியிலும் அளக்க முடியாது. விரலால் கிள்ளிப் போட்டால் ஒரு நாள் கால் கிராம், இன்னொரு நாள் இரண்டு கிராம். அதனால் உப்பைத் தனியாகக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மூடியில் 5 கோடு வரை தூள் உப்பு, அதை ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் கொட்டி, அதே மூடியால் 10 கோடு அளவில் ஆறு தடவை காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஃபிரிட்ஜில் வையுங்கள். இனிமேல் இந்தக் கரைசலில் ஒரு மூடி, அதாவது 10 மில்லி, எடுத்தால் அதில் 1 கிராம் உப்பு இருக்கும். அதிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் சோடியம் 400 மில்லிகிராம் பக்கம். ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். பாட்டில் மேல் மறக்காமல் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் யாராவது சாதாரணத் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிட்டு உங்களைத் திட்டுவார்கள்.

கல் உப்பில் செய்யலாமா என்றால், தராசு இருந்தால் செய்யலாம். மூடியில் அளந்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுவதால் எடை குறைந்துபோகும். இந்துப்பு, கறுப்பு உப்பு இதெல்லாம் ருசிக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையில் போனதை ஈடுகட்டும் வேலையில் இரண்டு ரூபாய் உப்புக்கும் இருநூறு ரூபாய் இந்துப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் கிடையாது, இரண்டிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்.

அடிப்படைக் கலவை

750 மில்லி பாட்டிலுக்கு: சர்க்கரை 10 மில்லி மூடியால் ஐந்து மூடி, சுமார் 42 கிராம். உப்புக் கரைசல் ஒரு மூடி. சித்திரை, வைகாசி வெயிலிலும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டும்போதும், வெள்ளைக் கோடு ஆட்களுக்கும் ஒன்றரை மூடி. எலுமிச்சை அரைப் பழம், பெரிய பழமாக இருந்தால் கால் போதும். முதலில் கால் பாட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துவிட்டு, அப்புறம் மீதியை ஊற்றிக் குலுக்குங்கள். எலுமிச்சை விதை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. ஓடும்போது பாட்டில் வாயில் விதை மாட்டிக்கொண்டால் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் கன்டெய்னர் லாரி உறுமிக்கொண்டு போக, பல்லால் அதைக் கடித்து இழுக்கிற கூத்து உங்களுக்கு வேண்டாம். வடிகட்டி ஊற்றுங்கள்.

இதில் சர்க்கரை நூற்றுக்கு ஐந்தரை, ஆறு பங்கு வருகிறது. எட்டு வரை இருந்தால் வயிறு தாங்கும். அதைத் தாண்டிப் பத்து, பன்னிரண்டு என்று போனால் வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்குவது மெதுவாகிவிடும், உள்ளே களக் களக் என்று ஆடிக்கொண்டே வரும். கோலாவும் பன்னீர் சோடாவும் ஓட்டும்போது ஒத்துக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம், கூடவே கேஸ் வேறு. கரும்புச் சாறு அதைவிட அடர்த்தி, குடிக்க ஆசையாக இருந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு உப்பு போட்டுக் குடியுங்கள்.

உப்பு எதற்கு, வியர்வைக்கு ஈடு மட்டுமா என்று கேட்டால் இல்லை. சிறுகுடலின் சுவரில் சர்க்கரையையும் சோடியத்தையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் ஒரு வழி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும், பின்னாடியே தண்ணீரும் உள்ளே போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இப்படித்தான். ஆக உப்பில்லாத சர்க்கரைத் தண்ணீர் பாதி வேலைதான் செய்யும்.

செலவைப் பார்ப்போம். மளிகைக் கடையில் சர்க்கரை கிலோ ஐம்பது ரூபாய் என்று வைத்தால் ஒரு பாட்டிலுக்கு இரண்டு ரூபாய் சில்லறை. ரேஷன் சர்க்கரை கிலோ 25 ரூபாய், அதில் செய்தால் ஒரு ரூபாய் பத்துக் காசுக்குள் முடிகிறது. எலுமிச்சம்பழம்தான் நேரத்துக்கு நேரம் விலை ஏறி இறங்கும், கோடையில் ஒரு பழம் பத்து ரூபாய்க்கும் போகும். அப்போது பழத்துக்குப் பதில் சிட்ரிக் ஆசிட் ஒரு கிள்ளு போடுங்கள், மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும். புளிப்பு ருசிக்குத்தான், குறைந்தாலும் கூடினாலும் தப்பில்லை.

குளுக்கோஸ் பவுடர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் வீட்டுச் சர்க்கரையைவிட அது உசத்தி இல்லை. குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் மணிக்கு 60 கிராம் பக்கம்தான் குடல் உறிஞ்சும், அதற்கு மேல் அந்த வழி அடைத்துக்கொள்ளும். சாதாரணச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் உள்ளே போக வேறு வழி இருக்கிறது, அதனால் நீண்ட ஓட்டத்தில் சர்க்கரைக்கே கொஞ்சம் சாதகம். விளம்பரத்தில் சூரியன் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவதைப் பார்த்து மயங்காதீர்கள்.

வெல்லம், கஞ்சி, இளநீர், டீ

ஒரே ருசி குடித்துக் குடித்து அலுத்துப் போகும், மூன்றாவது மணி நேரத்தில் இனிப்பைக் கண்டாலே குமட்டும். அதனால் மாற்றி மாற்றிச் செய்துகொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்தது பானகம். ராம நவமிக்கு மட்டும் நினைப்பு வருகிற சமாசாரம், ஆனால் வெயிலில் ஓட்டுகிறவனுக்கு என்றே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருக்கும். 750 மில்லிக்கு வெல்லம் 50 கிராம். நெல்லிக்காய் அளவு உருண்டையாகப் பார்த்து எடுத்தால் அளவு தவறும், வெல்லத்துக்கு மட்டும் கடைக்காரரிடம் சொல்லி 50 கிராமாக நிறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தட்டிப் பொடித்து வெந்நீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள், மண்ணும் சக்கைத் தூளும் துணியில் நிற்பதைப் பார்த்தால் ஏன் வடிகட்டச் சொன்னேன் என்று புரியும். அரைப் பழம் எலுமிச்சை, சுக்குத்தூள் இரண்டு கிள்ளு, ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டு, அதையும் வடிகட்டி, உப்புக் கரைசல் ஒரு மூடி. வழக்கமான பானகத்தில் உப்பு பேருக்குத்தான் போடுவார்கள், இங்கே அளந்து போட வேண்டும். சுக்கு குமட்டலை அடக்கும். வெல்லத்தில் இரும்புச்சத்து கொட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் ஒரு பாட்டில் பானகத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய கணக்கில்லை, ருசிக்காகக் குடியுங்கள்.

வடிகஞ்சி. குக்கர் வந்த பிறகு கஞ்சி வடிக்கிற வீடுகள் குறைந்துவிட்டன, ஆனாலும் இன்னும் உங்கள் வீட்டில் பானையில் சோறு வடித்தால் அந்தக் கஞ்சியைக் கீழே கொட்டாதீர்கள். அரிசி மாவுச்சத்து சர்க்கரை மாதிரி தித்திக்காது, ஆனால் உடம்புக்குள் போய் அதே குளுக்கோஸாகத்தான் உடையும். கெட்டிக் கஞ்சியாக இருந்தால் தண்ணீர் விட்டுப் பால் போல ஓடும் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். சர்க்கரை இரண்டு மூடி, உப்புக் கரைசல் ஒரு மூடி, வறுத்துப் பொடித்த சீரகம் கொஞ்சம். நன்றாக வடிகட்டாவிட்டால் பாட்டில் வாய் அடைத்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். கிளம்பிய முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கிற பாட்டிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது குடிக்கலாம் என்று மிச்சம் வைக்காதீர்கள்.

இளநீர் பற்றி ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது, அது ஒன்றே போதும் என்று. பொட்டாசியம் அதில் ஏராளம், சரிதான். ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம், அது இளநீரில் கம்மி. சர்க்கரையும் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். அதனால் வழியில் இளநீர் குடிக்க நின்றால் உப்பு சேர்த்துக் குடியுங்கள். மீஞ்சூர் தாண்டி ஒரு தள்ளுவண்டியில் இப்படித்தான் கேட்டேன், "அண்ணே, கொஞ்சம் உப்பு இருக்குமா?" அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இளநிக்கு உப்பா தம்பி? இது என்ன மாங்காயா?" அதற்கப்புறம் பையில் ஒரு சின்ன டப்பாவில் உப்புக் கரைசல் எடுத்துப் போகிறேன், காயின் வாயிலேயே கொஞ்சம் ஊற்றி ஸ்ட்ராவால் கலக்கிவிடுவேன். பாட்டிலில் நிரப்புவதானால் ஒரு காய் இளநீர், மீதி தண்ணீர், சர்க்கரை மூன்று மூடி, உப்புக் கரைசல் ஒரு மூடி. இதையும் இரண்டு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடுங்கள்.

டீ. நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் 250 மில்லி எனர்ஜி டிரிங்க் கேனில், தூக்கத்தை விரட்டும் காஃபின் 80 மில்லிகிராம் இருக்கும். ஒரு ஸ்ட்ராங் ஃபில்டர் காபியில் கிட்டத்தட்ட அதே அளவு இருக்கும், இரண்டு கிளாஸ் டீயிலும் அப்படித்தான். பால் சேர்க்காத டிக்காஷன் கால் பாட்டில் ஆற வைத்து ஊற்றி, மீதிக்குத் தண்ணீர், மேலே சொன்ன சர்க்கரை, உப்பு, எலுமிச்சை. திரும்பி வரும் வழியில், எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். ராத்திரி ஓட்டுகிறவர்கள் இதைத் தொட வேண்டாம், தூக்கம் போய்விடும்.

நீர்மோரும் கூழும் ஓட்டும்போது வேண்டாம். இரண்டும் நல்லவை, ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு. தயிர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை என்று ஒரு சொம்பு அடித்து வைத்துவிட்டுக் கிளம்பினால் வந்ததும் அதைப் போல எதுவும் இறங்காது. தெருமுனைக் கூழ் வண்டியில் கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு, மோர் மிளகாய் கடித்துக்கொண்டு, முடிந்தால் கருவாடு, அது பானம் இல்லை, முழுச் சாப்பாடு. நீராகாரம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு டம்ளர் உப்பு போட்டுக் குடிக்கலாம், பச்சை மிளகாய் மட்டும் கடிக்காதீர்கள், எர்ணாவூர் பாலம் ஏறும்போது அது மேலே வரும்.

பழவேற்காடு கணக்கு

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டரைத் தொட்டுவிடும். நடுநடுவே நின்று போனால் ஐந்து ஆறு மணி நேரம். இப்படி நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை சர்க்கரைச் சத்து உள்ளே போனால்தான் கால் ஓடும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். அப்படிப் பார்த்தால் மொத்தம் மூன்று, நான்கு லிட்டர் வேண்டும், சைக்கிளில் இரண்டு பாட்டில்தான் மாட்ட முடியும்.

இதற்கு வழி பொட்டலம். 42 கிராம் சர்க்கரை, 1 கிராம் உப்பு, ஒரு கிள்ளு சிட்ரிக் ஆசிட், மூன்றையும் சேர்த்து ஜிப் கவரில் போட்டு முதுகுப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கரைசல் உதவாது, தூள் உப்பாகவே வேண்டும். தராசு இல்லையென்றால் ஆறு பொட்டலத்துக்கு மொத்தமாகச் செய்யுங்கள்: சர்க்கரை முப்பது மூடி, உப்பு 5 கோடு வரை ஒரு தடவை, சிட்ரிக் ஆசிட் கால் டீஸ்பூன், எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு ஆறு சம பங்காகப் பிரித்துவிடலாம். பொடித்துவிட்டால் சர்க்கரையும் உப்பும் தனித்தனியாகப் பிரியாது, பச்சைத் தண்ணீரிலும் சட்டென்று கரையும். மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி இதைக் கொட்டிக் குலுக்கினால் முடிந்தது. லிட்டர் பாட்டில் வாங்கினால் மேலே கால் பாகம் குடித்துவிட்டு அப்புறம் கொட்டுங்கள்.

முழுச் சத்தையும் குடித்தே எடுக்க வேண்டும் என்றில்லை. பாதியைப் பாட்டிலிலும் பாதியைப் பையிலும் வையுங்கள். பூவன் பழம், பேரீச்சை, கடலை மிட்டாய் எல்லாம் சரி, மிட்டாயில் கடலை இருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும், அதனால் அதை முதல் பாதியில் தின்றுவிடுங்கள். பழம் தின்னும்போது இனிப்புப் பாட்டிலைத் தொடாமல் வெறும் தண்ணீர் குடியுங்கள், இல்லையென்றால் வயிற்றுக்குள் இரண்டும் சேர்ந்து கெட்டியாகிவிடும். அதற்காகத்தான் இரண்டில் ஒரு பாட்டில் எப்போதும் வெறும் தண்ணீராக இருக்கட்டும், முகத்தில் அடித்துக்கொள்ளவும் உதவும்.

எப்போது குடிப்பது? தாகம் எடுத்துத் தொண்டை காயும் வரை காத்திருக்க வேண்டாம், கால் மணி நேரத்துக்கு மூன்று நான்கு மடக்கு. உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்று தெரிய ஒரு சோதனை இருக்கிறது. கிளம்பும் முன் எடை பாருங்கள், வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 70 கிலோவில் போனவர் 69.2 கிலோவில் வந்தால் 800 மில்லி நஷ்டம். வழியில் குடித்தது 750 மில்லி என்றால் மொத்தம் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வியர்த்திருக்கிறது. இரண்டு மணி நேரம் ஓட்டியிருந்தால் மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனையையும் ஓட்டும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எடை ஏறியிருந்தால்? அது நல்ல சேதி இல்லை. வெயிலுக்குப் பயந்து வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்கிறவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பமான பேச்சு என்று வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. அதேபோல வெயிலில் கூட வருகிறவர் தள்ளாடுகிறார், சொன்னது புரியாமல் ஏதோ பேசுகிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் வாயில் பாட்டிலைத் திணிக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டு போய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்கு அடியுங்கள்.

மெடிக்கல் ஷாப் ஓ.ஆர்.எஸ்., அதாவது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற அந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பற்றி இரண்டு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி செய்த பொட்டலத்தில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், கூடப் பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கும். உப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் ஓட்டுவதற்கு வேண்டிய சர்க்கரை இல்லை. வீட்டுக்கு வந்து சோர்ந்து கிடக்கும்போது குடிக்கலாம். இன்னொரு பக்கம், அட்டை டப்பாவில் பழ வாசனையோடு அதே பெயரை ஒட்டிக்கொண்டு விற்றுக்கொண்டிருந்த இனிப்புப் பானங்களில், 2025 அக்டோபரில் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. கடையில் பழைய ஞாபகத்தில் அதை எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்த அளவுகளை அப்படியே பின்பற்றாமல் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியமே ஆபத்தாகலாம்.

பாட்டில்

எண்ணூர் ரோட்டிலும் அத்திப்பட்டு பக்கமும் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், லாரிப் புழுதியும் சாம்பலும் எல்லாவற்றின் மேலும் படியும். வாயில் வைத்து உறிஞ்சும் அந்த மூக்கின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்பாக வரும், அதைத்தான் குடிக்கிறோம். மேல்மூடி உள்ள பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போடுங்கள், அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

குளிர்ச்சிக்கு முதல் நாள் ராத்திரியே பாட்டிலில் மூன்றில் ஒரு பாகம் கலவையை ஊற்றி ஃபிரீசரில் படுக்க வைத்துவிட்டு, காலையில் மீதியை ஊற்றினால் ஒரு மணி நேரமாவது ஜில்லென்று இருக்கும். முழுதாக உறைய வைத்தால் பாட்டில் பிளந்துவிடும். ஐஸ் கட்டி வெளியில் வாங்குவதாக இருந்தால் காசிமேட்டுப் பக்கம் லோடு லோடாகப் போகிறதே அந்த ஐஸை வாங்காதீர்கள், அது மீனுக்கு.

வந்ததும் பாட்டிலை அப்படியே ஓரமாகப் போட்டுவிட்டுப் படுக்கத்தான் தோன்றும். சர்க்கரைத் தண்ணீர் மிச்சம் இருக்கும் பாட்டில் நம்ம ஊர் புழுக்கத்தில் மறுநாளே நாறும். மூடியைத் தனியாகக் கழற்றி, அந்த ரப்பர் மூக்கையும் பிடுங்கி எடுத்து, சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு அரை மணி நேரம் ஊற வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். மரையின் இடுக்கில் கறுப்புப் புள்ளி நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தேய்த்தும் போகவில்லை என்றால் அது பூஞ்சை, மூடியை மாற்றுங்கள். அப்புறம் கவிழ்த்து வைக்காமல், வாயைத் திறந்தபடி மொட்டை மாடி வெயிலில் காய விடுங்கள். ஆ, பல்லும் அப்படித்தான், புளிப்பும் இனிப்புமாக மணிக்கணக்கில் ஊறியிருக்கும், வந்ததும் வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்.